பச்சைப் பொட்டலம் இரண்டு

சனிக்கிழமைதோறும் காவ்சியுங் ஆலைக்கு ஓடும் என்னவருக்கு,

பிளாஸ்டிக் குழாய் லைன் ஓட்டக் கற்றுக்கொள்ள, அந்த ஊரிலிருந்து யூ-ஷான் என்றொரு பெண் என்னிடம் வந்திருக்கிறாள். குழாய் ஒரு பக்கம் தடித்து வந்தால் அச்சின் எந்தத் திருகைத் தளர்த்துவதென்று, நான் சொல்லித்தருமுன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இருக்கட்டும்.

மெஷின் மக்கர் பண்ணாமலிருக்க அதன்மேல் நாங்களெல்லாம் பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம் ஒன்றுதான் வைப்போம். அவள் உங்களைப் போல இரண்டு வைத்தாள்.

"எதுக்குடி ரெண்டு?"

"மெஷினுக்கும் துணை வேணும் டீச்சர். எங்கப்பா சொல்லுவாரு."

இதை நான் உங்கள் வாயில்தான் கேட்டிருக்கிறேன். சந்தேகமெல்லாம் இல்லை, சும்மா சொல்கிறேன்.

அவள் அப்பா சனிக்கிழமை மட்டும்தான் வீட்டிலிருப்பாராம். அன்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். உங்கள் ரயிலிலேயே எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இந்த வீட்டுத் துணை