சோகை தின்னும் வெள்ளைப் பூஞ்சை

என் அண்ணி,

அங்கேயாவது மூச்சு முட்டாமல் இருக்கிறீர்களா? வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

அண்ணன் மறுபடியும் கரும்புச் சோகையை, வெட்டு முடிந்து கிடந்த காய்ந்த இலையையெல்லாம், கொளுத்திவிட்டார். சீ, எழுதவே கூசுகிறது. கழனியிலிருந்து கிளம்பிய புகை வீட்டுக்குள் புகுந்து, கொடியில் காய்ந்த துணியெல்லாம் கரி. உங்களுக்கு வீசிங் கொடுத்து, கடைசியில் உங்களையே கொண்டுபோன அதே புகை. இப்போது உங்கள் மகள் மலருக்கும் மூச்சு இளைக்கிறது. பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்குகிறாள்.

கேட்டால், "ஆளு கெடைக்கல, இன்னா பண்ணச் சொல்ற? ஒரு தீக்குச்சியில வேல முடிஞ்சுது" என்கிறார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? அன்றைக்கு அவருக்குச் சோறு போடவே எனக்குக் கை வரவில்லை.

அவரை மட்டும் சொல்லி என்ன? நான் செய்தது அதைவிட மோசம்.

முன்பு நாம் வெள்ளிமலைக்குப் போனபோது, பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் மக்கிக் கிடந்த மரத்துண்டிலிருந்து பூஞ்சையைச் சுரண்டி வந்தீர்கள். சோகையைக் கொளுத்தாமல் மக்கவைக்கலாமென்று, அவித்த சோளத்தில் போட்டு பக்கெட்டில் வளர்த்தீர்கள். அதைச் சோகைக் குவியலில் கலந்து தண்ணீர் தெளித்தபோது நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"அதுக்கு வாய் இல்ல செல்வி. நொதின்னு ஒண்ண கசிய வுடும். அது சோகைய வெளியவே கரைச்சுடும், அப்புறம் உறிஞ்சிக்கும்" என்றீர்கள்.

எச்சிலைத் துப்பித் தின்கிறதா, உவ்வே என்றேன். சிரித்தீர்கள். சில மாதத்தில் குவியல் கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண் மாதிரி மணத்தது. அந்த வருஷம் அண்ணன் கொளுத்தவில்லை.

உங்கள் கருமாதிக்கு முந்தின நாள் தீட்டுக் கழிய வீடு கழுவினோம். பிறந்த வீட்டுப் பெண் என்று நான்தான் முன்னால் நின்றேன். பக்கெட்டில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்ததும் அழுக்கென்று நினைத்தேன். ஃபினாயிலை ஊற்றிச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். வீட்டைச் சுத்தம் பண்ணிவிட்டேன் என்று பெருமை வேறு. இப்போது துடைப்பக்கட்டையால் என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இந்தப் புகை அடங்கியதும் வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். அந்த மரத்துண்டு பாதி கிடக்கிறது. அடியில் வெள்ளை நூலாய் ஓடியதைச் சுரண்டி வந்து சோளத்தில் போட்டேன். முதல் தடவை பச்சைப் பூசணம் பிடித்து நாறிப்போனது. அடுத்த தடவை வெள்ளை வந்திருக்கிறது. உங்களுடையதுதானா, வேறா? யாரைக் கேட்பேன்? ஆனால் தீயில் தப்பிய ஒரு பிடி சோகையில் கலந்து வைத்திருந்தேன். நேற்று விரலால் இழுத்ததும் மெத்தென்று பிய்ந்து வந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்து, "இந்தக் கருமத்தத் தூக்கி வெளிய போடு" என்றார். அவர் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன்.

அடுத்த வெட்டுக்குச் சோகையை நானே வாரிக் குவிப்பேன், அண்ணி. ஆள் கிடைக்காவிட்டால் என்ன, இந்தக் கை இருக்கிறது.

ஃபினாயில் ஊற்றிய கைதான்.

உங்கள் நாத்தனார்,
செல்வி