எதுவும் ஒட்டாத பலகை

ஜூன் 9, செவ்வாய்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து. விடிந்ததிலிருந்து வாசலெல்லாம் மண். உப்பளத்துப் பக்கமிருந்து வரும்போது நாக்கில் கரிக்கிறது. முதுகு வலி குறையவில்லை.

கிட்டார் சத்தத்தை மாற்ற மிதிக்கிற பெடல்களுக்கு ஒரு போர்டு. அந்த வேலை இன்று ஆரம்பம். ஆரம்பிக்க மனமில்லை. ஆனால் ஆரம்பித்தாயிற்று.

போன வருடத் திருவிழாப் பூசை. நன்மை அப்பம் வாங்க ஜனம் வரிசையில் நகர்கிற நேரம். யாரோ காலில் என் ஒயர் மாட்டி பெடல் இழுபட்டது. கோவில் முழுக்கக் கர்ர்ரென்று ஒரு சத்தம். சாமியார் பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேல் வாசித்ததை எல்லாரும் மறந்தார்கள். அந்தச் சத்தத்தை யாரும் மறக்கவில்லை.

பாடகர் குழு இப்போது என் மனைவி பிலோமியின் தம்பி சேவியர் கையில். போனில் சொன்னான்: "அத்தான், இந்த வருசம் கீபோர்டுலயே கிட்டார் டோன் இருக்கு. நீங்க முன் பெஞ்சுல உக்காந்து நிம்மதியா பூசை பாருங்க."

நிம்மதியாம்.

விடவில்லை நான். கடைசியில் இறங்கி வந்தான். 18-ம் தேதி ஒத்திகை. ஒயர் தரையில் கிடக்கக் கூடாது, பெடல் நகரக் கூடாது. அப்படிக் காட்டினால் திருவிழாக் கொடியேற்றப் பூசையில் என் இடம் எனக்கு.

எல்லாம் போனில்தான். வீட்டுக்கு வரமாட்டான். மாமனார் இறந்தபின் அவர் மீன்பிடி வள்ளத்தை உடைத்து விறகுக்கு விற்றான். நான் கேட்டது ஒரே கேள்வி: "அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டியால?" அன்றைக்கு வீட்டை விட்டு இறங்கிப் போனவன்.

விறகு லாரி கிளம்புமுன் நான் இழுத்துப் போட்ட ஒரு பலகை மட்டும் மிச்சம். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கிறது. போர்டு அதில்தான்.

ஜூன் 11, வியாழன்

பலகையை அறுத்தேன். ரம்பம் பாதியில் இறுகிக்கொண்டது. உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால் தாள் உடனே மெழுகு போல் அடைத்துக்கொள்கிறது. தோள் கழன்றது.

வைக்க வேண்டிய பெடல்கள்: டியூனர். கோரஸ். டிலே. ஓவர்டிரைவ் (நானே சாலிடர் வைத்தது, பிஸ்கட் டப்பாவுக்குள்). அடாப்டர் அடியில்.

பழைய ஆணித் துளைகள் துருக்கறையோடு நிற்கின்றன. ஒயர்களை அவற்றின் வழியே கீழே இறக்கிவிட்டேன். அளந்து போட்டது போல் இருக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை. கிட்டாரும் யாரும் சொல்லித் தரவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டே, கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கற்றது.

பிலோமி துணி காயப் போட வந்தாள். "அதுல போயி என்னத்த ஒட்டப் போறிய?" என்றாள். பெடலைப் பிடித்துக்கொள்ள வெல்க்ரோ பட்டை என்றேன். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள்.

ஜூன் 12, வெள்ளி

வெல்க்ரோ ஒட்டி வெயிலில் வைத்தேன். அரை மணியில் நான்கு பட்டையும் சுருண்டு கிடந்தன.

கடைக்காரரிடம் போய்க் கத்தினேன். டூப்ளிகேட் சாமான் என்றேன்.

"அண்ணாச்சி, நம்ம கடைல டூப்ளிகேட்டே கெடையாது. எதுல ஒட்டுனிய?"

"பலகைல."

"என்ன பலகை?"

"பலகைன்னா பலகைதான்."

"பிளைவுட்டுல ஒட்டுங்க. புடிச்சா ஆனை இழுத்தாலும் வராது."

பிளைவுட் வேண்டாம் என்றேன். வேறு கம்பெனி வெல்க்ரோ வாங்கி வந்தேன். அதுவும் சுருண்டது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பூனை வந்து பலகையை நக்கிக்கொண்டிருந்தது. விரட்டினால் சுவர் மேல் உட்கார்ந்து பார்க்கிறது.

ஜூன் 14, ஞாயிறு

பூசைக்குப் பின் கோவில் வாசலில் சேவியர் நின்றான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான், அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவனிடம் அவன் சொன்னது என் காதில் விழுந்தது: "அத்தான் ஏதோ போர்டு செய்யுதாவளாம். பாப்போம், இந்தத் தடவ கோவிலே அதிருமோ என்னமோ."

சிரிப்பு வேறு.

வீட்டுக்கு வந்து ரப்பர் பசை போட்டேன். பிறகு டபுள் டேப். காற்றாடிக்கு அடியில் வைத்தேன், வெயில் படாமல். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் தொட்டுப் பார்த்தேன். கோரஸ் பெடல் படகு போல நகர்ந்தது.

பிலோமி தட்டு வைத்தபடி சொன்னாள்: "அப்பா வருசா வருசம் வள்ளத்துக்கு மீனெண்ணெய் பூசுவாவ. நாங்க சின்னப்புள்ளைல நின்னு பாப்போம். தண்ணியே ஒட்டக்கூடாதுன்னுதான் பூசுதது. அதுல ஒம்ம வெல்க்ரோ ஒட்டமாட்டக்குன்னு கடைக்காரனப் போயி ஏசுதிய."

கோபம் வந்தால்தான் "ஒம்ம" வரும் அவளுக்கு.

"மொதல்லயே சொல்லவேண்டியதுதான?"

"கேட்டியளா?"

மாமனார் வருடக்கணக்காக எதுவும் ஒட்டாமல் பார்த்துக்கொண்ட மரம். அதில் போய் நான் பசை தடவிக்கொண்டிருக்கிறேன். களைப்பாக இருக்கிறது. பிளைவுட் வாங்கினால் ஒரு மணி நேர வேலை.

வாங்கமாட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

ஒட்டாவிட்டால் கட்டலாம்.

டிரில் எடுத்தேன். துளை போடப் போட எண்ணெய் சூடாகிப் புகை. மீன் பொரிக்கிற வாசனை தெரு வரை. எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, சூரையா, சீலாவா?" என்றார். பெடல் என்றேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வலை நூல் வாங்கி வந்தேன், நைலான். ஒவ்வொரு பெடலுக்கும் குறுக்கே இரண்டு கட்டு. நான் கட்டியது எல்லாம் ஒரு மிதியில் தளர்ந்தது. துறைமுகத்தில் எல்லாம் இரும்புக் கொக்கி, நூல் வேலை பழக்கமில்லை. விரலும் இப்போது சொன்னபடி கேட்பதில்லை.

பிலோமி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குடுங்க இங்கன. ஆனா ஒண்ணு. என் தம்பிட்ட இத வச்சி ஒரு சண்டை கூடாது. அவன் என்ன சொன்னாலும் சரி."

"அவன் வாயி..."

"அவன் வாயி இல்ல. ஒங்க வாயி."

சரி என்றேன்.

தரையில் உட்கார்ந்து கட்டினாள். நூலைத் தண்ணீரில் நனைத்து, பல்லால் இழுத்து, சிறு சிறு முடிச்சு. அவள் அப்பா வீட்டு முடிச்சு. அறுக்கலாம், அவிழ்க்க முடியாது என்றாள். "மிதிங்க பாப்போம்." மிதித்தேன். ஓங்கி மிதித்தேன். அசையவில்லை.

"சாமான ஒடச்சிராதிய" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் 18, வியாழன்

ஒத்திகை. வழியெல்லாம் காற்று. ஸ்கூட்டரில் பலகை குறுக்கே நின்று ஆட்டம். கை மரத்துப்போனது.

சேவியர் என் போர்டைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தான். "என்ன அத்தான் இது, மீன் மார்க்கெட்டா? நாறுது."

வாயைத் திறந்தேன். பிலோமி பெண்கள் வரிசையிலிருந்து பார்த்தாள். மூடினேன். இத்தனை கஷ்டமாக நான் எதையும் செய்ததில்லை.

வருகைப் பாட்டு. மூன்றாம் சரணத்துக்கு முன் என் தனி வாசிப்பு. மிதித்தேன். ஓவர்டிரைவ், பிறகு டிலே. ஒரு கரகரப்பு இல்லை. பெடல் ஒன்றும் நகரவில்லை.

கீபோர்டுக்காரன் கைதட்டினான். சேவியர் தட்டவில்லை. குனிந்து கட்டுகளைத் தொட்டுப் பார்த்தான். ஒரு முடிச்சை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு பலகையின் ஓரம், நீலப் பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருக்கும் இடம்.

"இது அப்பா வள்ளத்துப் பலகைல்லா?"

"ஆமா."

"எப்படி ஒங்ககிட்ட?"

"லாரி போறதுக்கு முன்னால எடுத்தேன்."

பிறகு மெதுவாக: "அத்தான், திருவிழா முடிஞ்சதும் இத எனக்குத் தாரியளா? கடைல விக்கிற அலுமினியப் போர்டு நான் வாங்கித் தாரேன். என்கிட்ட அப்பாவுதுன்னு ஒண்ணும் கெடையாது."

"தரமாட்டேன்."

நிமிர்ந்தான். கேபிளைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைக் கொடியேற்றத்தில் நான் வாசிக்கிறேனா, இல்லையா, ஒன்றும் சொல்லவில்லை.

வரும் வழியில் பிலோமி: "சண்டை போடமாட்டேன்னு சொன்னிய."

"சண்டை போடல. தரமாட்டேன்னுதான் சொன்னேன்."



ஜூன் 20, சனி

போன் வரவில்லை. நானும் செய்யவில்லை.

கிட்டாருக்குப் புதுக் கம்பி மாற்றினேன். மூன்றாவது கம்பி போடும்போது அறுந்தது. பழையதையே மறுபடி மாட்டினேன்.

ரேஷன் அரிசி. மின்சாரம் இரண்டு தடவை போனது. பிலோமிக்குக் கால் வீக்கம்.

விற்கும்போது அக்காவைக் கேட்காதவன். இப்போது அப்பா பலகை என்கிறான். மத்தியானம் அதையே நினைத்துக்கொண்டு படுத்தேன், தூக்கமில்லை. ஒன்றும் கிடையாது என்று அவன் சொன்னபோது குரல் ஒரு மாதிரி இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பூனை வந்தது. விரட்டவில்லை. முடிச்சுகளை மட்டும் துணி போட்டு மூடினேன்.

ஜூன் 21, ஞாயிறு

கொடியேற்றம். காற்றில் கொடி கம்பத்தோடு சுற்றிக்கொண்டது. இரண்டு பேர் ஏணி வைத்து எடுத்துவிட்டார்கள்.

சொல்லாவிட்டாலும் போர்டோடு போனேன். முன் பெஞ்சில் உட்காரச் சொன்னால் திரும்பி வந்துவிடுவது என்று முடிவு.

என் இடத்தில் நாற்காலி போட்டிருந்தது. பக்கத்தில் பிளக் பாக்ஸ். அதன் ஒயரைச் சுவர் வரை கறுப்பு டேப்பால் தரையோடு சேவியர் ஒட்டியிருந்தான். கோணல் மாணலாக. யார் காலிலும் மாட்டாது.

வாசித்தேன். நன்றாகவே வந்தது. சாமியார் திரும்பிப் பார்க்கவில்லை.

பூசை முடிந்து ஒயரைக் கழற்றியவன் சேவியர். பலகையை ஸ்கூட்டர் வரை அவனே தூக்கி வந்தான். ஸ்கூட்டரில் வைக்குமுன் ஒரு நொடி முகத்தருகே கொண்டுபோனான். நான் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பலகையை அவன் மறுபடி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் டிலே பெடலின் ஒரு கட்டு நைந்திருக்கிறது. துளையின் ஓரம் நூலைத் தின்றிருக்கிறது. இன்னொரு தரம் கட்டு என்று பிலோமியிடம் நூலை நீட்டினேன். வாங்கவில்லை.

"எனக்குக் காலு வலி. கீழ உக்கார முடியாது. தம்பிகிட்ட குடுத்து விடுங்க. அதே முடிச்சுதான், அவனுக்கும் தெரியும்."

கொடுத்து விடமாட்டேன். பலகை இந்த வீட்டை விட்டுப் போகாது. சேவியருக்குப் போன் போட்டு அதைத்தான் சொன்னேன். கட்ட வேண்டுமென்றால் அவன் இங்கே வந்து கட்டட்டும்.

"எப்ப வரட்டும்?" என்றான்.