கறுப்புத் தாள் சுற்றிய போத்தல்

இன்று காலை அந்தோனி அண்ணை சீனி என்று நினைத்துத் தேத்தண்ணிக்குள் உப்பைப் போட்டுவிட்டார். நான் குடித்து முடித்துத் தகரப் பேணியையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அவர் தன்னுடையதில் ஒரு மிடறு வாய்க்குள் விட்டு, அப்படியே முற்றத்தில் துப்பினார். பிறகு என் பேணியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, முழுதும் குடிச்சுப் போட்டீரோ?"

"ஓம் அண்ணை."

"ஒண்டும் தெரியேல்லையோ?"

"சூடாய் இருந்தது."

அவர் சிரிக்கவில்லை. செத்த வீட்டிலும் பகிடி விடுகிற குருநகர்க்காரர் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

நீ போனதிலிருந்து என் நாக்கு இப்படித்தான். சோறு வாய்க்குள் போனால் சூடா குளிரா என்று மட்டும் சொல்லும். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் உனக்குத்தான் சொல்லியிருப்பேன். "முந்தி மட்டும் உங்கடை நாக்கு உசிரோடை இருந்ததாக்கும்" என்று நீயும் சொல்லியிருப்பாய்.

நீ என்றுதான் எழுத வருகிறது. அலுவலகத்தில் உன்னை நீங்கள் என்றேன், கலியாணத்துக்குப் பிறகு நீர் என்றேன். நீ இருக்கும்வரை ஒருநாளும் நீ என்றதில்லை.

எங்கள் நிறுவனத்தை நினைத்துப் பார்க்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையும் குசினியும்தான் அது. ஆட்களென்றால் பொறுப்பாளர் திலகா அக்கா, சாரதி அந்தோனி அண்ணை, கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்து வருகிற நீ, அதைக் குசினிக்குள் வைத்துச் சோதிக்கிற நான். குடாநாட்டில் எந்தக் கிணற்றில் உப்பு ஏறுகிறது என்று பார்த்து அந்த ஊர்ச் சனத்துக்குச் சொல்வதுதான் வேலை. ஜீப்புக்கு எண்ணெய் இல்லாமல் போன பிறகும் அந்தோனி அண்ணை ஒவ்வொரு காலையும் வந்து அதைத் துடைத்தார். பிறகு போத்தல் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு உன்னோடு புறப்பட்டார். சைக்கிளால் இறங்கும்போதெல்லாம் ஜீப் நினைப்பில் அவர் கை, இல்லாத கைப்பிரேக்கை இழுக்கும். நீ அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பாய்.

எனக்கு வேலை ஓடியது வெள்ளி நைத்திரேற்று இருந்தவரைக்கும்தான். தண்ணீருக்குள் ஒரு சொட்டு மஞ்சள் மருந்து போட்டுவிட்டு இதைத் துளித் துளியாக விட வேண்டும். தண்ணீரில் உப்பு இருக்கும்வரை இது வெள்ளையாய்த் திரளும். உப்பு முடிந்த கணம் மஞ்சள் செங்கல் நிறத்துக்கு மாறும். எவ்வளவு விட்டோமோ அதிலிருந்து உப்பின் கணக்கு வரும். வவுனியாவுக்கு இங்காலே ஆமி வர விடாத சாமான்களில் அதுவும் சேர்ந்ததும் நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டேன்.

"மருந்து இல்லையெண்டு கிணறு பாத்துக்கொண்டு நிக்காது" என்றார் திலகா அக்கா. "நாக்கு இருக்குத்தானே எங்களிட்டை?"

கறியுப்பை நிறுத்துக் கரைத்து, குறைந்ததிலிருந்து கூடினது வரை பேணிகளில் ஊற்றி, இடம் மாற்றி வைத்தேன். ஒவ்வொருவரும் குடித்துப் பார்த்து ஒழுங்குபடுத்த வேண்டும். திலகா அக்கா நடுவில் குழம்பினார். அந்தோனி அண்ணை எல்லாப் பேணியையும் ஒன்றுபோலக் குடித்துவிட்டு, "கடல்லை விழுந்து எழும்பினவனுக்கு எல்லாம் நல்ல தண்ணிதான், ஆளை விடுங்கோ" என்றார். நீ கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய் வைத்தாய். ஒன்றிலும் பிழை இல்லை. நம்பாமல் அடுத்த நாள் ஒரே தண்ணீரை இரண்டு பேணியில் ஊற்றி வைத்தேன்.

"உது ரெண்டும் ஒண்டு. என்னைப் பேய்க்காட்டப் பாக்கிறியள்" என்றாய்.

அந்த இடத்திலேயே கலியாணம் பற்றிக் கேட்டிருக்கலாம். எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு திலகா அக்காதான் உன் வீட்டாரோடு கதைத்தார்.

மிச்சமிருந்த மருந்தில் ஒரே ஒரு சோதனைக்குப் போதுமானதைச் சின்ன மண்ணிறப் போத்தலில் எடுத்து வைத்தேன். வெளிச்சம் பட்டால் பழுதாகிவிடும் என்று கறுப்புத் தாள் சுற்றினேன். நாங்கள் எங்கே போனாலும் அதுவும் என் பெட்டிக்குள் வந்தது. "உங்கடை மூத்த பெண்சாதி சுகமோ? வெயில் படாமல் வைச்சிருக்கிறியளோ?" என்று ஆட்களுக்கு முன்னாலேயே கேட்பாய். ஒருநாள் மட்டும் பகிடி இல்லாமல் சொன்னாய்: "என்ரை நாக்குச் சரிவராத நாளிலை அவவை எழுப்புங்கோ. அதுக்கு முந்தி வேண்டாம்."

சாவகச்சேரிக்கு வெளியே இருக்கிற இந்தப் பள்ளிக்கூட முகாமுக்குத் திலகா அக்கா எங்களை அனுப்பியபோது உனக்குச் சந்தோஷம். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் மயிலிட்டியை விட்டு வந்த உன் சனம் வகுப்பறைகளுக்குள் சீலை கட்டிப் பிரித்துக் குடியிருந்தது. அத்தனை பேருக்கும் ஒரு கிணறு. காலையும் மாலையும் மெசின் வைத்து இறைத்தார்கள். மெசினுக்கு மண்ணெண்ணெய் தேடிக் கொடுக்கிறவர், உனக்கு மயிலிட்டியில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர். இப்போது முகாமுக்கு அவர்தான் தலைவர்.

வந்த கிழமையே நீ பெண்களைக் கிணற்றடியில் கூட்டிச் சொன்னாய். "கீழை கிடக்கிறது உப்புத் தண்ணி. அதுக்கு மேலை நல்ல தண்ணி பால் ஆடை மாதிரி மிதக்குது. வாளியாலை மெல்ல அள்ளினால் ஆடை வரும். மெசினாலை உறிஞ்சினால் கீழை கிடக்கிறது மேலை வரும். வந்தால் லேசிலை திரும்பிப் போகாது." அவர்கள் தலையாட்டிவிட்டு மெசின் குழாயடிக்கு வரிசைக்குப் போனார்கள். மழையும் அந்த வருடம் பிந்தியது.

பிறகு முகாமுக்குள் நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபொயிட் வந்தது. பாயோடு பாயாகப் பரவி உன்னிடமும் வந்தது. நான் ஆறவைத்த சுடுதண்ணீரைப் பருக்கினேன். நீ ஒரு வாய் குடித்துவிட்டுக் கையால் தள்ளினாய்.

"இஞ்சாருங்கோ, தண்ணி மாறிப் போச்சு. மெசினை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

எனக்கோ சொட்டு வித்தியாசமும் தெரியவில்லை. என்றாலும் போய் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பூவரசுக்குக் கீழே என்னை இருத்திக் கதைத்தார்.

"தம்பி, காய்ச்சல்காரிக்குப் பாலும் கைக்கும். அவளின்ரை நாக்கை நம்பி இவ்வளவு சனத்தின்ரை வாயைக் கட்டச் சொல்லுறீரோ?"

"வெளியிலை வீட்டுக் கிணறுகள் கிடக்கு மாஸ்டர். ஒவ்வொண்டிலையும் கொஞ்சம் கொஞ்சமாய் வாளியாலை..."

"ஆர் விடுவான்? மீன் பிடிக்கிற கரையாச் சாதியோ எண்டு வாசல் படலையிலை வைச்சே கேட்டுத் திருப்பி அனுப்புறாங்கள். எங்கடை பொம்பிளையள் ஒரு வாளி தண்ணிக்குக் கை ஏந்திக்கொண்டு நிக்கிறதைப் பாக்க ஏலாமல்தான் நான் மண்ணெண்ணெய்க்கு நாயாய் அலையிறன். இந்தக் கிணத்திலை மட்டும்தான் 'தள்ளி நில்' எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. இதையும் மூடச் சொல்லுறீரோ?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. திரும்பி வந்து பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்தேன். நீ கண்டுவிட்டாய்.

"அவவை விடுங்கோ. நான் உசிரோடைதானே கிடக்கிறன். ரெண்டு நாளிலை எழும்பி வந்து நானே வாயிலை வைச்சுப் பாக்கிறன்."

போத்தலைத் திரும்பவும் வைத்துவிட்டேன். அதைத் திறந்தால் நீ எழும்ப மாட்டாய் என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று பட்டது. இரசாயனம் படித்தவன் நினைக்கிற நினைப்பா அது? அப்போது நான் எதையும் படித்தவனாக இருக்கவில்லை. ஆசுப்பத்திரியில் டொக்டர் ஒரு மருந்தின் பேரை எழுதித் தந்தார். அந்தத் துண்டோடு அந்தோனி அண்ணை ஒரு நாள் முழுக்கச் சைக்கிள் மிதித்தார். பின்னேரம் வந்து வாசலில் நின்ற மாதிரியில் மருந்து கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவர் கை பிரேக்கை இழுக்கவில்லை.

நீ கண்ணை மூடி, உன்னைக் கொண்டுபோன பிறகும் மெசின் காலையும் மாலையும் ஓடியது. நான் அந்தச் சத்தத்துக்குள்ளேயே படுத்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து திலகா அக்கா வந்து தலைமாட்டில் இருந்தார். வழமையாக எங்கள் அலுவலகக் கூட்டம் நடக்கிற நாள் அது. அதனால் நான் படுத்திருக்க அங்கேயே கூட்டத்தை நடத்தினார். "அடுத்தது, முகாம் கிணறு. தண்ணி எப்பிடி?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் பழக்கத்தில் உன் பாயைப் பார்த்தோம்.

இன்று உப்புத் தேத்தண்ணிக்குப் பிறகு அந்தோனி அண்ணை மெல்லக் கதைத்தார்.

"தம்பி, குழந்தையளுக்குக் கரைக்கிற பால்மா திரையுது எண்டு பொம்பிளையள் சொல்லுகினம். பருப்பும் அவியேல்லையாம். தண்ணி உப்பேறிட்டுதோ எண்டு எனக்கோ நாக்கு விளங்காது. உமக்கும் இப்ப... வேறை ஆர் இருக்கினம்?"

எழும்பிப் பெட்டியைத் திறந்தேன்.

பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் உடையாத அளவி ஒன்று இருந்தது. துளி துளியாக விடுகிற அந்தக் கண்ணாடிக் குழாய்தான். மாஸ்டரைக் கூப்பிட்டேன். வாசலில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். கிணற்றுத் தண்ணீரை அளந்து குடுவைக்குள் ஊற்றி மஞ்சள் சொட்டுப் போட்டேன். கறுப்புத் தாளைப் பிரித்து, மருந்தை ஒரு துளியும் மிச்சமில்லாமல் அளவிக்குள் வார்த்தேன்.

"மாஸ்டர், குடிக்கத் தாங்குற உப்புக்கு மட்டும்தான் இந்த மருந்து போதும். இது முடிய முந்தியே சிவந்தால் தண்ணி இன்னும் தாங்கும். நீங்கள் இறையுங்கோ."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். நான் அளவியின் திருகைத் திறந்தேன். வெள்ளை திரண்டது. குடுவையைச் சுழற்றினேன். விழுந்த இடத்தில் ஒரு சிவப்பு மின்னிப் போனது, சுழற்ற மறைந்தது. "உந்தா, சிவக்குது" என்றாள் வாசலில் ஒருத்தி. இன்னும் விட்டேன். மாஸ்டரின் உதடு அசைந்தது. அவர் சிவப்பைக் கேட்டு மன்றாடுகிறார் என்று தெரிந்தது. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். நீ சொன்னது காய்ச்சல் பேச்சாகவே இருக்கட்டும், இந்தச் சனத்துக்குத் தண்ணீர் இருக்கட்டும் என்று.

அளவி வெறுமையானது. குடுவைக்குள் இருந்தது மஞ்சள்தான்.

"இன்னும் கொஞ்சம் விட்டால் வராதோ தம்பி?"

"விட இனி மருந்து இல்லை மாஸ்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை சொன்னவள்" என்றார். நேரே கிணற்றடிக்குப் போய் மெசினை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்றபோதுதான் முகாமுக்குள் எத்தனை குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன என்று கேட்டது.

நீ சொன்ன அன்றைக்கே நிறுத்தியிருந்தால் கிணறு தப்பியிருக்குமோ, எனக்குத் தெரியாது. பெரிய மழை பெய்தால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். வெயில் சாயும் நேரம் பெண்கள் குடங்களோடு ஊருக்குள் போனார்கள். மாஸ்டர் எல்லாருக்கும் முன்னால் நடந்தார். தன் மாணவிகளுக்காகப் படலை படலையாகத் தட்டினார். சில படலைகள் திறந்தன. வீட்டுக்காரரே அள்ளி, குடம் தங்கள் வாளியில் முட்டாமல் உயர்த்தி ஊற்றினார்கள். சில வீடுகளில் நாய் மட்டும் வந்து குரைத்தது. அரைக் குடங்களோடுதான் அவர்கள் திரும்பி வருகிறார்கள். இதை எழுதும்போது யன்னலால் தெரிகிறது.

அந்த வீட்டுக் கிணறுகளையும் இனி ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னிடம் மருந்து இல்லை, நாக்கும் இல்லை. கறியுப்பு இருக்கிறது. உனக்குச் செய்த மாதிரியே கரைத்துப் பேணிகளில் ஊற்றி வைத்திருக்கிறேன். தண்ணீருக்குப் போகாமல் நின்ற பெண்களை ஒவ்வொருவராய்க் கூட்டி வந்து அந்தோனி அண்ணை குடிக்கக் கொடுக்கிறார். "விழுங்காதை பிள்ளை, நாக்கிலை வை. கண்ணை மூடு. இவரின்ரை மனிசி அப்பிடித்தான் செய்யிறவ" என்கிறார். இதுவரை ஒருத்தியும் சரியாக வைக்கவில்லை. நானும் ஒவ்வொரு பேணியிலும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலக் குளிராக இருந்தது.

போத்தலைக் கழுவவில்லை. மூடி இறுக்கி, அந்தக் கறுப்புத் தாளையே திரும்பவும் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வெளிச்சம் பட்டுப் பழுதாக அதற்குள் இனி ஒன்றும் இல்லை. ஆனாலும் வெளியே போகும்போது கையால் பொத்திக்கொண்டுதான் போகிறேன்.