சோற்றுக்குள் இருந்த திராட்சை

ஜக்கம்மா,

சர்க்கரை நோயோடு தோட்டத்தில் ஒரு கொத்துத் திராட்சை தின்றதை உன்னிடம் மட்டும்தானே சொன்னேன்? விடிந்ததும் நம்ம மகள் பவானி போனில் திட்டுகிறாள். கூட இருந்தே காட்டிக்கொடுத்துவிட்டாய்.

டீச்சர் அல்லவா, பாடமும் எடுத்தாள். சோற்றிலுள்ள மாவுச்சத்து, சர்க்கரையைக் கோத்த மாலையாம். வயிற்றில் அறுந்தால் திராட்சையில் இருக்கிற அதே சர்க்கரையாம். ஆக, திராட்சையைப் பூட்டி வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு கரண்டி வச்சுக்கிருங்க" என்று தினமும் ஒரு பந்தல் திராட்சையை எனக்குப் பரிமாறியிருக்கிறாய். நேற்று ஏப்பம் விட்டேன், வாயிலிருந்து கொடி எட்டிப் பார்த்தது. அதில் ஒரு தேன்சிட்டு உட்கார்ந்திருந்தது.

சோறு சட்டியில் அப்படியே இருக்கிறது. வீட்டுச் சாவி ஜன்னலில். தோட்டத்துக்குப் போகிறேன்.

மறந்துவிட்டேன்: உனக்கும் சர்க்கரைதான். ராயப்பன்பட்டித் திருவிழாவில் நீ தின்ற ஜிலேபியைப் பற்றி நான் மூச்சு விட்டதில்லை. பவானி நம்பர் எனக்கும் மனப்பாடம்தான். இருந்தும் சொல்லவில்லை.