மேளமில்லாத கொழுந்து நடனம்

மாசி 16, திங்கள்

பனி. கோப்பாயிலிருந்து வந்த பஸ்ஸில் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. மாசிப் பனி மூசிப் பெய்யும் என்று சும்மாவா சொன்னார்கள். தடிமன், தும்மல். இஞ்சி முடிந்துவிட்டது.

துறைத் தலைவர் கூப்பிட்டார். மலையகத்திலிருந்து வந்து எங்கள் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கான 'வலுவூட்டல் திட்டம்' என் பொறுப்பு. வேறு ஒருவரும் ஏற்காததால் என் பொறுப்பு. திட்டத்தில் சேர்ந்தால் விடுதியில் இடம், மத்தியானச் சாப்பாடு. பதிலுக்கு ஊருக்குச் சேவை: குருநகரில் மீன்பிடிக் குடும்பத்துச் சிறுவர்களுக்கு வாசிப்பு வகுப்பு. ஞாயிறு கொழும்பிலிருந்து நிதி தருபவர்கள் பார்க்க வருகிறார்கள். அடுத்த வருடமும் தருவதா, நிறுத்துவதா என்று அன்றைக்குத்தான் முடிவு.

"சாந்தினி, பிள்ளையள் அந்தத் தேயிலைக் கொழுந்து டான்ஸ் ஒண்டு போடட்டும். கூடை, தலைச்சீலை எல்லாம் நான் எடுப்பிக்கிறன். வாற ஆக்களுக்கு உதுதான் பிடிக்கும். நீர் சொன்னாக் கேப்பினம்."

ஓம் என்றேன். ஓம் சொன்னால் கெதியாக வெளியே வரலாம். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

மாசி 17, செவ்வாய்

சொன்னேன். பிள்ளைகளிடம், நடனத்தைப் பற்றி. எல்லாருக்கும் நிலத்தில்தான் கண். யோகேஸ்வரி மட்டும் எழும்பினாள். இரண்டாம் வருடம், ஹற்றன் பக்கத்துத் தோட்டம். குருநகர் வகுப்பு நடப்பதே இவளால்.

"மிஸ், எங்கம்மா இன்னைக்கும் மலைக்குப் போயிருக்காங்க. அவங்க கொழுந்து எடுத்துப் பார்த்திருக்கேன். ஆடிப் பார்த்ததில்ல."

காசு நின்றால் எல்லாருக்கும் விடுதி போய்விடும் என்றேன். வெருட்டுவது போல வந்துவிட்டது.

"தெரியும் மிஸ். அதுக்காகத்தான் ஆடச் சொல்றீங்கன்னும் தெரியும்."

வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். பஸ்ஸில் இருந்து யோசித்தால் அவள் சொன்னது சரி. அது இன்னும் எரிச்சல். இரவு பாணும் சம்பலும், சமைக்க ஏலாது.

மாசி 18, புதன்

வெயில். தொண்டை நோ. பின்னேரம் குருநகர் போனேன், ஞாயிறு ஆட்கள் வருவதைச் சொல்ல. மெற்றில்டா அக்காவின் முற்றத்தில்தான் வகுப்பு. மீன் விற்கிற மனுசி. விபூதிப் புதன், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு இருந்தா. தவக்காலம் தொடங்கிவிட்டது, எனக்கு ஞாபகமே இல்லை. முதன்முதல் வகுப்பை ஞாயிறு காலையில் வைத்த ஆள் நான். ஒரு பிள்ளையும் வரவில்லை, எல்லாம் பூசையில். பிறகுதான் பின்னேரத்துக்கு மாற்றினேன். மனுசி இன்னும் அதைச் சொல்லிக் குத்துவதை விடவில்லை.

"மிஸ்ஸுக்கு ஞாயிறு எண்டா லீவு. எங்களுக்குக் கோயில்."

நடனக் கதையையும் கொட்டிவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"ஏன் யோகேஸ்வரி ரீச்சர் ஆடமாட்டாவாம்? வெக்கமோ?"

இல்லை என்றேன். ஏன் என்று விளக்கத் தெரியவில்லை. எனக்கே முழுதாக விளங்கியதா?

"சரி, விடுங்கோ மிஸ். அந்தப் பிள்ளைக்காக நாங்கள் பாப்பம்."

என்னத்தைப் பார்ப்பது என்று கேட்கவில்லை. காய்ச்சல் குணம், உடம்பு சுட்டது. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

மாசி 20, வெள்ளி

நேற்று முழுக்கப் படுக்கை. இன்று தலைவரிடம் சொன்னேன், நடனம் இல்லை.

"அப்ப என்னத்தைக் காட்டுறது? வகுப்பையோ? வகுப்பு எல்லா இடமும் இருக்கு. நிண்டுபோனா நான் பொறுப்பில்லை."

பிறகென்ன, நான்தான். வாங்க: இஞ்சி, பதாகைக்குக் கயிறு, சோடா, பிஸ்கற். யோ.வுடன் கதைக்க. (வெட்டிவிட்டேன். என்னத்தைக் கதைப்பது?)

மாசி 22, ஞாயிறு

சோளகக் காற்று தொடங்க இன்னும் எவ்வளவோ நாள், இப்போதே இந்தப் புழுக்கம். கொழும்பிலிருந்து ஒரு அம்மா, கமெராவோடு ஒரு பொடியன். யோ. பிள்ளைகளை வாசிக்க விட்டாள். நன்றாகத்தான் வாசித்தார்கள். அந்த அம்மா கொட்டாவியை அடக்கினா. தலைவர் என்னைப் பார்த்தார். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது மெற்றில்டா அக்கா கையைத் தட்டினா. பிள்ளைகள் உள்ளே ஓடி, தலையில் துவாயும் இடுப்பில் பனையோலைக் கடகமுமாக வெளியே வந்தார்கள்.

"இது எங்கட ரீச்சருக்கு. அவவின்ரை ஊர் ஆட்டம். தவக்காலம், மேளம் பாட்டு ஒண்டும் கூடாது. சத்தமில்லாமல் எண்டால் ஆடட்டும் எண்டு பங்குச் சுவாமியார் சொன்னவர்."

ஆடினார்கள். பாட்டில்லை, தாளமில்லை. மணலில் கால் படும் சத்தம் மட்டும். கொழுந்து பறிக்கிற கையா அது? வலையில் சிக்கிய மீனைக் கழற்றுகிற கை. பிடித்து, திருப்பி, உதறி, கடகத்துக்குள். தாய்மார் செய்வதைத்தானே கண்டிருக்கிறார்கள்.

யோ.வின் பக்கம் பார்க்க எனக்குத் துணிவில்லை. எழும்பினாள். போகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ எல்லாரிலும் சின்னவளிடம் போய், கடகத்தை இடுப்பிலிருந்து எடுத்து முதுகில் வைத்து, துவாயால் நெற்றியோடு சேர்த்துக் கட்டினாள்.

"கூடை இப்படித் தலையில தொங்கணும்டா. ரெண்டு எல, ஒரு மொட்டு. உதறாத. கிள்ளணும்."

கண் கலங்கியிருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

கொழும்பு அம்மா எழும்பி நின்று கை தட்டினா. "இந்த ரீச்சர் என்ன வடிவாப் பழக்கியிருக்கிறா. இதுதான் வலுவூட்டல். அடுத்த வருஷம் கல்லூரி மேடையில இவவையே ஆட விடுங்கோ."

"எங்கட பிள்ளைதானே," என்றார் தலைவர். காசு வருவது நிச்சயம், காரில் ஏறுமுன்பே சொல்லிவிட்டா. எனக்குச் சந்தோசம் வரவில்லை. களைப்புத்தான் வந்தது.

பஸ் தரிப்பு வரை யோ. கூட வந்தாள்.

"மிஸ், திட்டத்துல இருந்து எம் பேர எடுத்துருங்க."

"இப்பதானே காசு வந்தது."

"அதான் மிஸ். மத்தவங்க விடுதிக்கு இனிப் பயமில்ல."

"நீர் எங்க இருக்கப் போறீர்?"

"மெற்றில்டா அக்கா அறை தர்றாங்க. ஞாயித்துக்கிழம வகுப்ப நானே பார்த்துக்குவேன். சேவைன்னு நீங்க கையெழுத்துப் போட வேணாம்."

பொறுக்க முடியாமல் கேட்டேன். "நாங்கள் கேட்டது நொந்தது. பிள்ளையள் ஆடினது நோகேல்லையோ?"

"அதுங்க எனக்காக ஆடுச்சுங்க மிஸ். நீங்க, வந்தவங்களுக்காக என்னைய ஆடச் சொன்னீங்க."

பஸ் வந்தது. நான் ஏறினேன். அவள் குருநகர்ப் பக்கம் திரும்பி நடந்தாள்.