ரீச்சருக்குக் குடுத்த செவ்வந்தி

குன்மிங், சீனா

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமாய் இருக்க வேணும். அங்க வைலேயில் இப்ப சரியான குளிராம். அப்பா பிறசர் குளிசையை ஒழுங்காய்ப் போடுறாரோ? நான் நல்ல சுகம்.

சின்ன விசயம் ஒண்டு. வீடியோ கோலில் சொன்னால் என்ர முகத்தைப் பார்த்துப் பயந்திடுவியள், அதுதான் எழுதுறன். எங்களுக்குச் சீனம் படிப்பிக்கிற லியூ ரீச்சருக்கு வயித்தில் ஒப்பரேசன். அதுக்கு முதல்நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தன். டென்மார்க்கில் நாங்கள் பூவோடதானே போறனாங்கள். கடையில் மஞ்சள் செவ்வந்தி இருந்தது. நீங்கள் வெள்ளிக்கிழமையில் சாமிக்கு வைக்கிற பூ எண்டு ஆசையாய் வாங்கிக்கொண்டு போனன். ரீச்சர் சிரிச்சுக்கொண்டுதான் வாங்கினவ. அவவின்ர மனுசன் அதை எடுத்துக்கொண்டு வெளியில் போனார். வெறுங்கையோட திரும்பி வந்தார்.

பிறகுதான் வகுப்புப் பிள்ளையள் சொன்னவை, இங்க செவ்வந்தி செத்தவீட்டுக்குக் கொண்டுபோற பூவாம்.

ஒப்பரேசன் முடிஞ்சிட்டுது. ஆனால் ரீச்சரை இன்னும் ஐசியூவில்தான் வைச்சிருக்கினம். என்னை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் யோசியாதேங்கோ, நான் சாப்பிடுறன். கறித்தூள் கொஞ்சம் அனுப்பிவிடுங்கோ. போத்தல் உடையாமல் உங்கட பழைய சீலை ஒண்டில் சுத்தி அனுப்புங்கோ, தோய்க்காட்டிலும் பரவாயில்லை.

வாற வெள்ளி கோயிலில் ரீச்சருக்கு ஒரு அருச்சனை செய்விப்பியளோ? பேர் லியூ மெய். ஐயர் நட்சத்திரம் கேப்பார். எனக்குத் தெரியாது, என்ர நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ.

வகுப்புக்கு நேரமாச்சு, ஓடுறன்.

உங்கட மகள்
ஆரபி

அம்மா, அருச்சனைத் தட்டில் செவ்வந்தி மட்டும் வைக்காதேங்கோ.