உன் தம்பியின் லீவு நாளும் வாஃபிளும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத வந்து அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. எல்லாரும் என்று எழுத இப்போது இங்கே யார் இருக்கிறோம், நானும் அப்பாவும்தான். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அந்தப் பழைய போனைச் சார்ஜில் போட்டபடிதான் பேச முடிகிறது, பிளக் இருப்பதோ கூடத்தில், அப்பா படுத்திருக்கும் அறைக்கு நேர் எதிரே. நான் மூச்சு விட்டால்கூட அவர் காதில் விழும். அதனால்தான் சமையலறை மேடையில் வைத்து இதை எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

விஷயம் அப்பா சாப்பாட்டைப் பற்றித்தான். உன் தம்பி விடியுமுன் சைக்கிளில் ஓட்டல் வேலைக்குப் போகும்போது வேன் மோதி நம்மை விட்டுப் போனதிலிருந்து அப்பா சாப்பாட்டை மறந்துவிட்டார். நீ வந்து இருந்த நாட்களில் உனக்காக எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் போட்டுக்கொண்டார். நீ விமானம் ஏறிய அன்றைக்குப் படுத்தவர்தான். பட்டறை முதலாளி வந்து கூப்பிட்டுப் பார்த்தார், பம்பு மோட்டார்கள் எல்லாம் கழற்றிப் போட்டபடியே கிடக்கின்றன, உங்க கை பட்டால்தான் ஓடும் என்றார், அப்பா தலையை மட்டும் ஆட்டினார். பெல்ட்டில் ஆணி வைத்துத் தட்டிப் புது ஓட்டை போட்டுக்கொண்டார், அதுவும் பற்றாமல் இப்போது இடுப்பில் கயிறு. டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன், ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நோய்னு ஒண்ணும் இல்லம்மா, ஆனா இப்படியே போனா வந்துடும், எதையாவது பிடிச்சதைச் செஞ்சு சாப்பிட வைங்க" என்று சொல்லி அனுப்பினார். உன் அத்தை ஒருநாள் வந்து அண்ணனைப் பார்த்து அழுதுவிட்டு, போகும்போது வாசலில் என்னை நிறுத்தி, "நீ ஆக்குறதுல உப்பும் இல்ல உறப்பும் இல்ல, மனுஷன் எப்படி வாய் வைப்பாரு" என்றாள். கூடப் பிறந்தவள் வயிற்றெரிச்சல். பிள்ளையைப் பறிகொடுத்தவள் கைக்கு ருசி எங்கிருந்து வரும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்படி இருக்கும்போது ஒரு புதன்கிழமை காலையில் அறைக்குள்ளிருந்து அப்பா கேட்டார், "இன்னைக்கு மாவு கரைக்கலையா" என்று. உனக்குத் தெரியாததா, உன் தம்பிக்குப் புதன்தான் லீவு. மற்ற நாளெல்லாம் ஓட்டலில் ஊரார் பசிக்கு நின்றுகொண்டே சுட்டுப் போட்டவன், அன்றைக்கு ஒரு நாள் வெயில் ஏறும் வரை தூங்கி எழுந்து நமக்குச் சுடுவான். காலைச் சாப்பாடு என்றும் சொல்ல முடியாது மதியச் சாப்பாடு என்றும் சொல்ல முடியாது, பதினொரு மணிக்கு வாஃபிள். அதற்காகவே அப்பா புதன்கிழமை பட்டறைக்குப் பாதி நாள் சொல்லிவிடுவார். ஓட்டலில் தூக்கிப் போட்ட மெஷினை அவன் கொண்டுவர, அப்பா வயர் மாற்றி, உருகிப்போன பிடிக்குப் பதில் பழைய மேசை இழுப்பறையின் குமிழைத் திருகி வைத்தார் அல்லவா, அதே மெஷின்தான். சுட்டால் கட்டம் கட்டமாக வருவதால் அப்பா வாஃபிளுக்கு ஜன்னல் என்றுதான் பெயர் வைத்திருந்தார். "எத்தனை ஜன்னல்டா சாத்தப் போற" என்று கேட்டால், இவன் "உங்க பல்செட் தாங்குற வரைக்கும்" என்பான். கடிக்கிற சத்தம் மாடி வீட்டுக்குக் கேட்கணும், கேட்கலைன்னா வேகலைன்னு அர்த்தம் என்று அவன் சொல்வதையும், அப்பா வேண்டுமென்றே சத்தமாகக் கடித்துவிட்டுப் பல்லைத் தடவிப் பார்ப்பதையும், நீயும் ஒருமுறை வந்தபோது பார்த்துச் சிரித்தாய். இப்போது அந்த மனுஷன் வாயிலிருந்து மாவு என்று ஒரு சொல் வந்ததும், சரி, இதைச் செய்தாவது இவரைப் பிடித்து நிறுத்துவோம் என்று மெஷினை எடுத்துத் துடைத்தேன். இடுக்கில் அவன் கடைசியாகச் சுட்டதன் துணுக்கு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. துடைக்க மனம் வரவில்லை, துடைக்காமல் எப்படிச் சுடுவது, துடைத்தேன்.

எனக்கு அது வருகிற வேலையா சொல். அவன் சுடும்போது நான் பக்கத்தில் நின்று குறை சொன்னேனே தவிர கையைப் பார்க்கவில்லை. மைதா, பால், முட்டை, உருக்கிய வெண்ணெய், பேக்கிங் பவுடர் எல்லாம் போட்டுக் கரைத்து ஊற்றினேன். ஆவி வந்துகொண்டிருக்கும்போதே அவசரப்பட்டுத் திறந்தேன், மேல் பாதி மேலேயும் கீழ்ப் பாதி கீழேயும் ஒட்டிக்கொண்டு வாயைப் பிளந்தது. அதைக் கத்தியால் சுரண்டி நானே தின்றேன். அடுத்த வாரம் கட்டி இல்லாமல் இருக்கட்டும் என்று போட்டு அடி அடி என்று அடித்தேன், வந்தது செருப்பு அடியில் ஒட்டலாம் போல இருந்தது. மாடி வீட்டுத் தையற்காரம்மா வந்து பார்த்து, மாவை அப்படி அடிக்கக் கூடாது, கட்டி இரண்டு கிடந்தாலும் கிடக்கட்டும், வெள்ளைக்கருவைத் தனியாக எடுத்து அதை அடி, கடைசியில் மெதுவாகப் புரட்டிச் சேர் என்றாள். கை வலிக்குதே என்றதற்கு, "மாமியாரை நெனச்சுக்கிட்டு அடி, தானா பொங்கும்" என்றாள். எத்தனையோ நாள் கழித்து எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த உடனே உன் தம்பி முகம் முன்னால் வந்து நின்றது, பாத்திரத்தை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றேன். பிறகு மைதாவில் கொஞ்சம் சோளமாவும் கலந்தேன், அது அவன் செய்வது என்று அரைகுறையாக ஞாபகம். மெஷினிலிருந்து எடுக்கும்போது பஞ்சு மாதிரி உப்பி, மேலே பொன் நிறமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா முன்னால் வைக்கும்போது ஈரத் துணி மாதிரி வளைந்து தொங்கும். வாரம் தவறாமல் இதே கதை. அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி பிய்த்துப் பிய்த்து மெதுவாகத் தின்று முடித்துத் தட்டை நீட்டுவார். வாரத்தில் அவர் முழுசாகச் சாப்பிடுகிற சாப்பாடு அது ஒன்றுதான். நானோ ஐயோ இவ்வளவு நன்றாகச் செய்து போட்ட பிள்ளை இருந்த வீட்டில் இந்த நமத்துப் போனதைத் தின்ன வைக்கிறேனே, நன்றாக வந்தால் இன்னும் இரண்டு தின்பாரே, எழுந்துகூட வருவாரே என்று மனதுக்குள் வெந்தேன்.

கோளாறு என் கையில் இல்லை, தட்டில் இருந்தது. அவன் சுட்டதும் "அப்பா வாங்க" என்று ஒரு குரல் கொடுப்பான், இவர் ஓடி வருவார், சூட்டோடு தின்பார். எனக்கு அப்படிக் கூப்பிட வாய் வருவதில்லை. அவராக எழுந்து உட்காரட்டும் என்று காத்திருப்பேன், அது வரைக்கும் ஆறக் கூடாது, ஈ மொய்க்கக் கூடாது என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி மேலே தட்டுப் போட்டு மூடி வைப்பேன். திறந்து கிடக்கும் சாப்பாட்டைப் பார்த்தால் எனக்கு மூடத்தான் தோன்றும், அப்படி வளர்ந்த உடம்பு. உள்ளே ஆவி அடைந்து அத்தனையும் வேர்த்துப் போய்விடுகிறது, இது எனக்கு உறைக்கவே இல்லை. போன புதன்கிழமை நீ போன் பண்ணினாய் அல்லவா, புது மெஷின் வாங்கி அனுப்பட்டுமா என்று. அப்போது கையில் இருந்த ஒன்றைப் பாத்திரம் கவிழ்க்கும் கம்பித் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். நீ பேசி முடித்து நான் போய்ப் பார்த்தால், மூடி வைத்தவை எல்லாம் தொளதொள என்று கிடக்கின்றன, கம்பியில் மறந்துபோன அது ஒன்று தட்டினால் ஓடு மாதிரி சத்தம் கொடுக்கிறது. அவனும் அங்கேதான் வைப்பான், பாத்திரம் கவிழ்க்கிற இடத்தில் தின்கிற பொருளை வைக்காதேடா என்று நான் அவனைத் திட்டியிருக்கிறேன். எனக்கு அந்த நேரத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது, பிள்ளை போன பிறகு சந்தோஷம் என்று எழுதவே கூசுகிறது, ஆனாலும் வந்தது. இன்னும் ஒன்றைச் சுட்டு, மூடாமல், சூட்டோடு சூடாக அப்பா கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடித்தார். வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததா, அந்தச் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. அப்பா மெல்லவில்லை. வாயில் வைத்தபடியே என்னைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் பார்த்தார். "யாரு சுட்டது" என்று கேட்டார். நான்தான் என்றேன். மறுபடியும் சமையலறையையே பார்த்தார். அப்புறம் வாயில் இருந்ததைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, "நீ எப்பவும் சுடற மாதிரியே சுடு, இது எனக்கு வேணாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு தட்டோடு நின்றேன். ஒரு நொடி அவன் உள்ளே நிற்கிறான் என்று நினைத்திருப்பார், மகளே. அந்த ஒரு நொடியைக் கொடுத்ததும் நான்தான், பிடுங்கினதும் நான்தான். இத்தனை வாரமாக அந்த நமத்துப் போனதை அவர் பொறுத்துக்கொண்டு தின்கிறார் என்று நினைத்திருந்தேன். அது என் கைச் சாப்பாடாக இருந்ததால்தான் தொண்டையில் இறங்கியிருக்கிறது. அவன் கைப்பக்குவம் வந்ததும் இறங்கவில்லை. நன்றாகச் செய்ய வேண்டும் என்று மெனக்கெட்டு அந்த ஒரு வேளைச் சாப்பாட்டையும் கெடுத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்றிலிருந்து பால் மட்டும்தான் இறங்குகிறது, அதுவும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால். வழக்கம்போல மூடி வைத்ததையும் அன்று மாலையே கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன், கையால் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்த்தி வைத்துவிட்டார். நான் அழுதால் அவர் கேட்பார், அவர் அழுதால் நான் கேட்கிறேன், இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இந்த மூன்று அறைக்குள் சுற்றுகிறோம். எனக்கும் பசி என்று ஒன்று வருவதில்லை, இவர் தின்றாரா என்று பார்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. இவரும் போய்விட்டால் பார்க்கவும் ஆள் இருக்காது, அதைத்தான் கண்ணை மூடினால் நினைக்கிறேன்.

நாளைக்குப் புதன்கிழமை. மாவு கரைப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கரைத்தால் அந்த வாசனைக்கே அவர் இன்னும் சுருண்டுகொள்வாரோ என்று பயம், கரைக்காவிட்டால் கரைக்கலையா என்று கேட்பாரே, அதற்கு என்ன சொல்வது, கேட்காமலே விட்டுவிட்டால் அதைவிடப் பயம். இது உன் கைக்கு வருவதற்குள் எத்தனையோ புதன் போயிருக்கும் என்று தெரியும், ஆனாலும் யாரையாவது கேட்க வேண்டும் போல் இருக்கிறது, உன்னைக் கேட்கிறேன். தையற்காரம்மாவைக் கேட்டால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள், எனக்கு இப்போது அது வேண்டாம்.

புது மெஷின் அனுப்பாதே. அதற்குப் பதில் போன் பண்ணும்போது என்னிடம் பேசாமல் நேராக அப்பாவைக் கேள், அவர் எழுந்து வராவிட்டாலும் என்னை ஸ்பீக்கரில் போடச் சொல், அறைக்குள் கேட்கும், நீ சும்மா உன் ஆஸ்பத்திரிக் கதை எதையாவது பேசிக்கொண்டே இரு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஓடி வருகிறேன் என்று கிளம்பாதே, லீவு தர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, குளிருக்குக் காதை மூடிக்கொள், ரோட்டில் போகும்போது இரண்டு பக்கமும் பார்த்துப் போ, சைக்கிள் வேண்டவே வேண்டாம், மாப்பிள்ளையிடமும் சொல். நான் கோபக்காரி என்று உனக்குத் தெரியும், மாப்பிள்ளையிடம் காட்ட என் கோபத்தை மட்டும் நீ எடுத்துக்கொள்ளாதே, மற்றதெல்லாம் எடுத்துக்கொள். நீங்கள் இரண்டு பேரும் தலை நரைத்துப் பல் போகும் வரைக்கும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

உனக்கு எழுதும் கடிதத்தின் அடியில் அப்பா எப்போதும் ஒரு வரி எழுதுவார். கீழே அவருக்கு இடம் விட்டிருக்கிறேன். நாளைக்குத் தட்டு வைக்கும்போது இந்தத் தாளையும் பேனாவையும் பக்கத்தில் வைப்பேன், சாயங்காலம் வரைக்கும் எடுக்க மாட்டேன். அந்த இடம் காலியாகவே வந்தால் நான் கேட்காமல் விட்டுவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

அப்பா எழுதுவது: